சார்ட் வாங்கினால் சரித்திரம் இலவசம்

"எந்தக் கலரு?" என்று கேட்டுக்கொண்டே சார்ட்டக்கா தன் கடை ஏணியில் ஏறுகிறார். கீழே நாலு மாணவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். "பச்சை" என்கிறான் ஒருவன். அடுக்கிலிருந்து ஒரு பச்சைத் தாளை உருவி, அதைச் சுருட்டிக்கொண்டே இறங்கும்போது பாதி ஏணியிலேயே கதை ஆரம்பமாகிவிடுகிறது. "அன்னிக்கு வாட்ச்மேன் மட்டும் இல்லேன்னா இந்த ஸ்கூல்ல ஒரு புள்ள மிஞ்சியிருக்காது. எழுதிக்கோங்க. முதல்ல புகையைப் பார்த்தது அவருதான். ஓடிப்போய் மணியை அடிச்சதும் அவருதான்." மாணவர்கள் மடியில் நோட்டை வைத்துக் கிறுக்குகிறார்கள். அக்காவின் கால் தரையைத் தொடும்போது மார்க்கெட் முழுக்க எரிந்து முடிந்திருக்கும், சார்ட்டிலும் ரப்பர் பேண்ட் விழுந்திருக்கும்.

கடைக்கு எதிரே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு காலத்தில் மரக்கூரை போட்ட மார்க்கெட் ஒன்று இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அது ஒரு பகல் நேரத்தில் தீப்பிடித்து எரிந்து, தீ பள்ளிக்கூடத்தின் ஒரு வரிசை வகுப்பறைகளையும் சேர்த்து விழுங்கியது. ஆனால் ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. தீ தாவுவதற்கு முன்பே யாரோ மணியை அடித்து, பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் வருஷா வருஷம் எட்டாம் வகுப்பின் வரலாற்று புராஜெக்ட். "நம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஆராய்க" என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இந்தப் பகுதியில் அந்தத் தீயை விட்டால் வேறெதுவும் நடக்கவில்லை.

அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கடை ஒரு ஆள் திரும்பும் அகலம், அதில் பாதியை அக்காவே எடுத்துக்கொள்கிறார். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலையில், மூன்றாவதைக் கல்லாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். செல்லோ டேப்பைப் பல்லால்தான் கடிப்பார், கத்தரிக்கோல் விற்கிற கடையில். ஸ்கெட்ச் பேனா எழுதுகிறதா என்று வாடிக்கையாளருக்குக் காட்ட, தன் இடது உள்ளங்கையில் ஒரு கோடு போடுவார். சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் அந்தக் கையை யாராவது ஜோசியக்காரர் பார்த்தால் தொழிலையே விட்டுவிடுவார்.

அப்பாவாகிவிட்டவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு சார்ட்" என்கிறார்கள். பிள்ளைகளும் "அக்கா, ஒரு சார்ட்" என்கிறார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் கணவரை மட்டும் எல்லாரும் "தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். இருவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். இந்த அநியாயத்தை அக்கா இன்றுவரை திருத்த முயன்றதில்லை.

தாத்தா, கடையின் பின்பக்கம் சூடான கம்பியால் தெர்மாகோல் வெட்டுவார். கோட்டை, கப்பல், எரிமலை, எது கேட்டாலும் வெட்டித் தருவார். நெடிய மனிதர், அந்த இடத்தில் மடங்கித்தான் உட்கார முடியும். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை, அவருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். "விலை கட்டாதுன்னு அவரு சொல்றாரு," என்பார். திரும்பிப் பார்த்தால் அவர் குனிந்த தலை நிமிராமல் எரிமலைக்கு வாய் வைத்துக்கொண்டிருப்பார்.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்பதால் தாளும் பேனாவும் அடிக்கடி தீர்ந்துபோகும், தீராவிட்டாலும் கீழே இறங்குவேன். கல்லா ஓரம் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தால் ஒரு புராஜெக்டை எப்படிச் செய்வது என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், அதாவது அக்கா முறைப்படி. "தலைப்பு பெருசா இருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு யாரு படிக்கப் போறா, ஓரத்துல பார்டர் போடு. படம் ஒட்டும்போது நாலு மூலைக்கும் கம் போடு, நடுவுல போடாதே, பொங்கிக்கும். முன்னுரை சின்னதா இருக்கட்டும். நன்றியுரைல என் கடை பேரு வரணும்." மதிப்பெண் வாங்கிய பல புராஜெக்டுகள் இந்த இலக்கணத்தில்தான் எழுதப்பட்டவை.

ஒருநாள் அந்த ஸ்டூலில் இருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பச்சை சார்ட்டோடு வாட்ச்மேன் கதையை வாங்கிக்கொண்டு முதல் கூட்டம் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்து ரோஸ் சார்ட் கேட்டது. அக்கா ஏணியில் ஏறினார், இறங்கினார். "ஹெட்மாஸ்டர் இருந்தாரே, அவரு சிங்கம். ஜன்னல் வழியா புகையைப் பார்த்தாரு. யாரையும் கூப்பிடல. அவரே போய் அடிச்சாரு மணியை. எழுதிக்கோங்க."

அவர்கள் போனதும் நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"என்ன தம்பி என்ன? எல்லாரும் ஒண்ணையே எழுதிட்டுப் போனா காப்பின்னு சொல்லி டீச்சர் மார்க்கைக் குறைச்சிடறாங்க. பாவம் புள்ளைங்க. ஆளுக்கு ஒண்ணு குடுத்தா எல்லாரும் பொழைச்சுப் போவாங்க."

"எது யாருக்குன்னு எப்படி ஞாபகம் வெச்சுக்கறீங்க?"

"அதான் கலர் வெச்சிருக்கேன்ல." விரல் விட்டு எண்ணினார். பச்சைக்கு வாட்ச்மேன். ரோஸுக்கு ஹெட்மாஸ்டர். மஞ்சளுக்குப் பால்காரர். நீலத்துக்கு ரெட்டைச் சடை போட்ட ஒரு ஏழாம் வகுப்புப் பெண். "நீலம் பொண்ணுங்கதான் அதிகம் வாங்குவாங்க. அவங்களுக்கும் ஆசையா இருக்கும்ல."

"நெசமா யாருதான் அடிச்சாங்க?"

"அதெல்லாம் யாருக்கு தம்பி ஞாபகம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அக்கா மூன்றாவது கண்ணாடியைத் தேடப் போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் தாத்தாவின் கம்பி தெர்மாகோலில் சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாடு இப்படியே நடந்திருக்கும். இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல எண்ணம் வந்து காரியத்தைக் கெடுத்தது. மணிக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டி, பிள்ளைகளைக் காப்பாற்றியவரின் பெயரைப் பொறிப்பதென்று தலைமை ஆசிரியை முடிவு செய்தார். யார் பெயரை? அதற்கென்ன, இத்தனை வருஷம் நம் மாணவர்களே ஆராய்ந்து வைத்திருக்கிறார்களே, எல்லா புராஜெக்டையும் எடுத்து எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணிப் பார்த்தார்கள். பழைய ஹெட்மாஸ்டர் மற்றவர்களை எங்கோ பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றார். நிற்க மாட்டாரா, கடையில் அதிகம் விற்கிற நிறம் ரோஸ்தான்.

அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. நூலகத்தில் ஒரு கல், தண்ணீர்த் தொட்டியில் ஒரு கல், விளையாட்டு மேடையில் ஒரு கல் என்று உயிரோடு இருக்கும்போதே தன் பெயரை நிறையப் பொறித்துக்கொண்டுதான் போனார். இன்னும் ஒன்று என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அக்கா ஏணியிலிருந்து இறங்கும்போது கதை சொல்லுவதை நிறுத்திவிட்டார். "ரோஸ் இல்லை, தீர்ந்துபோச்சு," என்று அடுக்கில் ரோஸ் இருக்கும்போதே சொன்னார். "கல்லுல போட்டுட்டா அழிக்க முடியாதுல்ல தம்பி?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்கேல் வந்தாள்.

எட்டாம் வகுப்புப் பெண். உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர் அது. மணி என்ன என்று உங்களிடம் கேட்பாள், நீங்கள் சொன்ன பிறகு உங்கள் கையைத் திருப்பிக் கடிகாரத்தைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வாள். கல்லில் யார் பெயர் என்று பள்ளிக்கூடத்துப் புராஜெக்ட் கண்காட்சியன்றைக்கு அறிவிப்பதாக இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம், இரண்டு தோழிகளோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வெள்ளை சார்ட் ஒண்ணு குடுங்க."

ஏணியில் கால் வைத்த அக்கா அப்படியே நின்றார். "வெள்ளையா? எதுக்கும்மா வெள்ளை, அழுக்காயிடும். மஞ்சள் எடுத்துக்கோ, பாக்க லட்சணமா இருக்கும்."

"பரவால்லக்கா. வெள்ளை வாங்கினா யாரு மணி அடிச்சாங்க?"

ஸ்டூலில் இருந்த நான் வாங்க வேண்டிய பேனாவை மறந்தேன்.

அவர்கள் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பழைய புராஜெக்டுகளையெல்லாம் தூசி தட்டிப் படித்திருக்கிறார்கள். முதலில் வருஷவாரியாக அடுக்கிப் பார்த்தார்களாம், ஒன்றும் புரியவில்லை. தோழிகளில் ஒருத்திக்கு எல்லாம் அழகாக இருக்க வேண்டும். பார்க்கக் கண்றாவியாக இருக்கிறது என்று சொல்லி, அலமாரியில் துணி அடுக்குவதுபோல அவள் நிறவாரியாக அடுக்கியிருக்கிறாள். அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"எல்லாப் பச்சையும் வாட்ச்மேன். எல்லா நீலமும் ரெட்டைச் சடை. எல்லா ரோஸும் ஹெட்மாஸ்டர்," என்றாள் ஸ்கேல்.

"அது ஏதோ தற்செயலா அமைஞ்சிருக்கும்மா."

"ஒரே ஒரு மஞ்சள்ல மட்டும் ஹெட்மாஸ்டர் வர்றாரு."

"அது ரோஸ் தீர்ந்துபோன வருஷம்," என்று அக்காவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

வந்ததைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது. அக்கா ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை, அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. ஸ்கேல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு தாங்கள் செய்த வேலையைச் சொன்னாள். எல்லாரும் ஒருத்தரிடமே போய்க் கேட்டதுதான் தப்பு என்று தோன்றியதாம். அதனால் தீ நடந்த அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைத் தேடிப் போயிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், பாங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஸ்கேலின் சொந்தச் சித்தி என்று ஒவ்வொருவராக.

"மணியை யாரு அடிச்சதுன்னு நாங்க கேக்கவே இல்லக்கா. கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் யாரோட சார்ட்லயாவது படிச்சது. அதனால மணி அடிக்கும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு மட்டும் கேட்டோம். மருந்துக்கடை மாமா, போர்டுல கணக்கு பாதியில நின்னுச்சு, தப்பிச்சோம்டான்னு இருந்துச்சுன்னாரு. சித்தி டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு முதல் ஆளா ஓடினாங்களாம். பாங்க் அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. நெருப்புன்னு தெரிஞ்சா யாராவது டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓடுவாங்களாக்கா?"

அக்கா தலையிலிருந்த கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அப்ப அது சாப்பாட்டு மணி. நேரத்துக்கு முன்னாடியே அடிச்சிருக்கு. மைதானத்துல உக்காந்து சாப்பிடும்போதுதான் புகையே வந்திருக்கு. சாப்பாட்டு மணி அடிக்கறது பியூன் வேலைதானே?" என்றவள், எட்டிக் கடைக்குள் பார்த்தாள். "தாத்தா, நீங்களா அடிச்சீங்க?"

இத்தனை வருஷத்தில், இத்தனை புராஜெக்டில், அவரைப் பார்த்து ஒருவரும் கேட்காத கேள்வி அது. தினமும் அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. அவர் கம்பியை எடுத்துத் தனியே வைத்தார்.

"ஆமா," என்றார்.

"எதுக்கு தாத்தா முன்னாடியே..."

"கடை மூடற நேரமாச்சு," என்று அக்கா எழுந்துவிட்டார். வெளியே வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சார்ட்டை ஸ்கேலின் கையில் திணித்து, அவளை வாசலுக்கு நகர்த்தி, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். ஸ்கேல் குனிந்து ஷட்டருக்கு அடியிலிருந்து சொன்னாள்: "ஏன்னு நீங்களோ தாத்தாவோ சொல்ற வரைக்கும் அதை எழுத மாட்டோம்க்கா. அந்த இடத்தைக் காலியா விட்டுடறோம்."

சற்று நேரத்தில் அக்கா என் மாடிக்கு ஏறி வந்தார். வழக்கமாக வாசலில் நின்று கத்துகிறவர், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். அப்புறம் கதை சொன்னார், எந்த நிறமும் இல்லாத கதை.

கல்யாணமாகிக் கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்ததாம். ஆசைப்பட்டு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி வந்திருக்கிறார். கணவர் அதைத் தன் உயரத்துக்கு ஆணியடித்து மாட்டிவிட்டார். "எட்டிப் பார்த்தா எனக்கு உச்சந்தலைதான் தம்பி தெரியுது. கீழ மாட்டுங்கன்னு நாலு நாள் சொன்னேன். சரின்னாரு, மாட்டல. வீட்டுல நான் இருக்கறதே இவருக்குத் தெரியலையேன்னு கோவம் வந்துடுச்சு. மத்தியானம் பஸ்ஸுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன், நீங்களும் உங்க கண்ணாடியும் நல்லா இருங்கன்னு காலையில சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல, வேலைக்குப் போயிட்டாரு."

பேசாத மனிதர் காலை முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பஸ் வருவது சாப்பாட்டு நேரத்துக்கு. சரியான நேரத்துக்கு மணி அடித்துவிட்டுப் போனால் பஸ் போய்விடும். அதனால் முன்கூட்டியே அடித்துவிட்டு, வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு ஓடியிருக்கிறார். அக்கா அங்கே இல்லை. "நான் எங்க போனேன், சும்மா கோவத்துல சொன்னது. இந்தக் கடையிலதான் உக்காந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தேன்." அவர் திரும்பி வரும்போது மார்க்கெட் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். பியூன் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்து ஓடி வருவதை எல்லாரும் பார்த்தார்கள்.

"ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் முன்னாடி வெச்சு, தீப்பிடிக்கற நேரத்துல மணி அடிக்க வேண்டியவன் எங்கய்யா ஓடிப்போனேன்னு கேட்டாரு. இவரு என்ன சொல்லுவாரு. நின்னாரு. அப்புறம் பியூன் ஓடிட்டான், பியூன் ஓடிட்டான்னே பேச்சா ஆயிடுச்சு. சில வருஷம் கழிச்சு புராஜெக்ட்டுன்னு வந்த முதல் புள்ள, பியூன் பயந்து ஓடிட்டாராமேன்னு என்கிட்டயே கேட்டான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பியூனைப் பத்தி உனக்கு என்னடா, வாட்ச்மேன் அடிச்சாருன்னு எழுதிக்கோன்னுட்டேன். அவன் கையில இருந்தது பச்சை சார்ட்டு."

ஆக, பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்காக என்பதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. தன் வீட்டுக்காரர் பக்கம் யாருடைய கண்ணும் போகாமல் இருக்க, இந்த அம்மாள் ஒரு வாட்ச்மேனையும் பால்காரரையும் ரெட்டைச் சடைப் பெண்ணையும், அவரைத் திட்டிய ஹெட்மாஸ்டரையும்கூட, வரிசையாகக் குறுக்கே நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

"இப்ப பாருங்க, அவரு அடிச்ச மணிக்கு, அவரைத் திட்டின ஆளு பேரைக் கல்லுல போடப் போறாங்க. நான்தான் பண்ணினேன், ரோஸ் ரோஸா வித்து. உண்மையைச் சொல்லலாம்னா, பொண்டாட்டி பஸ் ஏறிடுவாளோன்னு மணி அடிச்சான்னு ஊரே சிரிக்கும். வேலை பார்த்த ஸ்கூல்ல அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது தம்பி."

"அவர் என்ன சொல்றார்?"

அக்கா யோசித்தார். "அவரைக் கேக்கவே இல்லையே," என்றார்.

எழுந்து போகிறவர், வாசற்படியில் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும், ஏணியில் ஏறும்போது வருகிற முகம். "ஏன் தம்பி, அவருக்குப் புகை வாசனை வந்திருக்கலாம்ல? மூக்கு பெருசுதானே. வாசனை வந்துச்சு, உடனே அடிச்சாரு, அப்புறம் தீயணைப்புக்குச் சொல்ல வெளிய ஓடினாரு. எப்படி இருக்கு?" வெள்ளைச் சார்ட்டுக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது.

மறுநாளே போய்த் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மாள் உருகிப்போய்விட்டாராம். ஒரு சாதாரணப் பியூன், புகையை மோப்பம் பிடித்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இத்தனை காலம் அடக்கமாக இருந்தவர். கல்லுக்கு வாசகமே எழுதிவிட்டார்கள். ஸ்கேலைக் கூப்பிட்டு அதையே உன் புராஜெக்டிலும் எழுதிவிடு என்றார்களாம். "அவர் வாயால சொல்லட்டும் மிஸ்," என்றிருக்கிறாள் அந்தப் பெண். சரி, கண்காட்சி மேடையிலேயே கேட்டுவிடுவோம், எல்லார் முன்னாலும் நன்றாக இருக்கும் என்று ஏற்பாடாயிற்று. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்," என்று அக்கா வீட்டில் படித்துப் படித்துச் சொன்னார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், எப்போதும் அப்படித்தான்.

கண்காட்சியன்று நானும் போனேன். மண்டபம் முழுக்கக் கோட்டையும் கப்பலும், எல்லாம் தாத்தா வெட்டியது. எரியும் மார்க்கெட் ஒன்று தெர்மாகோலில் நின்றது, அதற்குச் சிவப்புக் காகிதத்தில் தீ வைத்து அடியில் சின்ன மின்விசிறி ஓடவிட்டிருந்தார்கள். அக்காவுக்கு முதல் வரிசையில் இடம். "நீங்க பக்கத்துல உக்காந்தா எனக்குப் படபடன்னு வரும், பின்னாடி போய் உக்காருங்க," என்று கணவரை அனுப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியில் தன் பெரிய பையை வைத்திருந்தார். அவர் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், வேலையில் இருந்தபோது நின்ற இடத்திலேயே போய் நின்றுகொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில்.

ஸ்கேலின் முறை வந்தது. மற்றவர்களின் அட்டைகளில் பார்டரும் பூவும் மினுமினுத்தன. இவர்களுடையது வெறும் வெள்ளை. அதில் பச்சை, ரோஸ், மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னத் துண்டுகளைத் தூண் தூணாக ஒட்டியிருந்தார்கள், எந்தக் கதை எத்தனை தடவை வந்தது என்று காட்ட. கீழே, மருந்துக்கடைக்காரரும் பாங்க் அம்மாவும் சித்தியும் சொன்னது அவரவர் வார்த்தையிலேயே. ஸ்கேல் படபடப்பில்லாமல் பேசினாள். "ஒரே கதையை நிறைய பேர் எழுதியிருந்தா அது உண்மைன்னு நாங்களும் முதல்ல நெனைச்சோம். அப்புறம்தான், அவங்க எல்லாரும் எங்க கேட்டாங்கன்னு பார்த்தோம்." அக்காவின் பெயரை அவள் சொல்லவே இல்லை. முதல் வரிசையில் அக்கா தன் இடது உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"மணி அடிச்சவர் அப்போ இங்க பியூனா இருந்தவர். ஏன் முன்னாடியே அடிச்சாருன்னு எங்களுக்குத் தெரியாது. அந்த இடம் காலியா இருக்கு." அட்டையின் அடியில் உண்மையிலேயே ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது.

தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். கல்லுக்கான வாசகம் கையில் தயாராக இருந்தது. மண்டபமே திரும்பிக் கதவோரம் பார்த்தது. "அய்யா, நீங்களே சொல்லுங்க. புகை வாசனை வந்ததாலதானே மணியை அடிச்சீங்க?"

தலையை ஆட்டினால் போதும். முதல் வரிசையிலிருந்து முழுசாகத் திரும்பியிருந்த அக்கா, எப்படி ஆட்ட வேண்டும் என்று தன் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒளிப்பானேன், நானும் அவர் ஆட்டிவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒருமுறை எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும், இன்னொரு தடவை அதே கூட்டத்துக்கு நடுவே நிற்க வைக்கவா என்று இருந்தது.

அவர் தலை அசையவில்லை. வலது கையை மெல்லத் தூக்கி, அத்தனை வரிசைகளுக்கும் மேலாக நீட்டி, அக்காவைக் காட்டினார்.

"இவ ஊருக்குப் போறேன்னு சொன்னா," என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது. "பஸ் வர்றதுக்குள்ள போய்ப் பாக்கணும்னுதான் அடிச்சேன். புகையெல்லாம் எனக்குத் தெரியாது."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடையில் ஸ்கேல் மட்டும் சிரிக்காமல் பேனாவின் மூடியைத் திறந்து, காலி இடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய கையை இறக்கவில்லை. அக்காவின் தலை ஆட்டம் பாதியில் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.